புதுப்பிப்பு: ஆட்டோமேட்டிக் கியர் உதறல் பெரும்பாலும் சரியானது

போன மாதம் கேட்டிருந்தேனே: ஆட்டோமேட்டிக் கார், 1,10,000 கி.மீ., இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்குப் போகும்போது ஓர் உதறல். டீலர் கியர்பாக்ஸையே மாற்றணும் என்றார். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "ஃப்ளஷ் (மெஷின் வைத்துப் பழைய ஆயிலை மொத்தமாகத் தள்ளி எடுப்பது) வேண்டாம், கியர் ஆயிலை வடித்து, வடிந்த அளவே புதுசு ஊற்றி, கொஞ்சம் ஓட்டிவிட்டுத் திரும்பச் செய்யுங்க" என்ற யோசனைதான். ஒரே தடவையில் முழு ஆயிலும் வடியாது, டார்க் கன்வெர்ட்டரில் (இன்ஜின் சக்தியை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) நிறையத் தங்கிவிடும். அதனால் மூன்று முறை. முதலில் வந்தது கடுங்காப்பி நிறம், தீய்ந்த வாடை. மூன்றாவதில்தான் சிவப்பே தெரிந்தது. கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தட்டையும் கழற்றி ஃபில்டர் மாற்றினேன். தட்டில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு மட்டும், உலோகச் சில்லு இல்லை. அப்பாடா.

2,000 கி.மீ. ஓடிவிட்டது. வண்டி சூடேறும் வரை லேசாக உதறுகிறது, அப்புறம் இல்லை.

எதிர்பாராதது இது: இந்த கியர்பாக்ஸில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) கிடையாது, அளவு பார்க்க ஒரு போல்ட்டைத் திறந்தாகணும். அந்த போல்ட்டில் ஃபேக்டரி பெயின்ட் கோடு அப்படியே இருந்தது, அதாவது யாரும் திறந்ததே இல்லை. ஆனால் டீலரின் ஒவ்வொரு சர்வீஸ் ஷீட்டிலும் "கியர் ஆயில் பார்க்கப்பட்டது" என்று டிக்!

செய்யப்போகிறவர்கள் ஆயில் ஊற்றும் துளையின் போல்ட்டை முதலில் கழற்றிப் பாருங்கள். வடித்த பிறகு அது கழலவில்லை என்றால் புது ஆயில் ஊற்ற முடியாது, வண்டி நின்ற இடத்திலேயேதான்.