கல்லடிக் குடும்பம்: தம்பியின் கையேடு

[பி.ப. 4:10] தம்பி: நூலகத்துப் பழைய கணினிகளில் உபுண்டு இயங்குதளம் போடும் கையேட்டை வலையில் ஏற்றிவிட்டேன். எல்லாரும் திறந்து பார்த்துச் சொல்லுங்கள்.

[பி.ப. 4:31] மாமா: மனே, பாலத்தடியில் நின்று போனில் திறந்தேன். வெள்ளைத் தாளில் சாம்பல் தூவின மாதிரிக் கிடக்கிறது, எழுத்தே தெரியவில்லை.

தம்பி: கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்றுதான் வெளிர் நிறம் போட்டேன் மாமா. பிரைட்னஸைக் கூட்டிப் பாருங்கள்.

மாமா: முழுக்கக் கூட்டிவிட்டுத்தான் சொல்கிறேன்.

நான்: தம்பி, அந்த நிறத்தின் குறியீடு 999999. வெள்ளையோடு அதன் ஒளி வேறுபாடு 2.85:1 தான் வருகிறது. எல்லாரும் வாசிக்கக்கூடிய வலைப்பக்கத்துக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டியின் ஏஏ நிலைக்குச் சாதாரண எழுத்துக்கு 4.5:1 ஆவது வேண்டும். சாம்பல்தான் வேண்டுமென்றால் 767676 போடு, அது 4.54. நான் என்றால் 333333 போடுவேன், 12க்கு மேல் போகும். மாமா வெயிலிலும் வாசிப்பார்.

சித்தப்பா: நான்காம் படியில் சிவப்பைத் தொடாதே, பச்சையைத் தொடு என்று போட்டிருக்கிறாய். எனக்கு இரண்டும் ஒரே மண்ணிறம் மகன்.

நான்: எனக்கு இந்த இடம்தான் பயம். பிழையானதைத் தொட்டால் டிஸ்க் முழுக்க அழியும், புத்தகப் பதிவேடும் போய்விடும். நிறம் இருக்கட்டும், பக்கத்தில் "எச்சரிக்கை: இதைத் தெரிவு செய்தால் டிஸ்கில் உள்ளதெல்லாம் அழியும்" என்று எழுத்திலும் போடு.

மச்சாள்: சொற்களுக்கு நடுவில் ஏன் இவ்வளவு இடைவெளி?

தம்பி: புத்தகம் மாதிரி இரண்டு ஓரமும் நேராக நிற்கட்டும் என்று ஜஸ்டிஃபை பண்ணினேன்.

நான்: போன் திரையில் ஒரு வரிக்கு மூன்று தமிழ்ச் சொல்தான் பிடிக்கும். அதை இழுத்து நிரப்பினால் ஓட்டை விழாமல் என்ன செய்யும்? இடது ஓரம் மட்டும் போதும். வரி உயரத்தை 1.5 ஆக்கு. மேல்வரிப் "பு"வின் காலும் கீழ்வரி "மீ"யின் சுழியும் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

தம்பி: சரி அக்கா. வேறு?

நான்: இருக்கிறது. என்னிடம் படிக்கும் பிள்ளை ஒருத்திக்குப் பார்வை இல்லை, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளை வைத்துத்தான் எல்லாம் படிக்கிறாள். அவளும் நூலகத்துக்கு வருவாள். அதனால் கண்ணை மூடிக்கொண்டு உன் பக்கத்தை என்விடிஏயில் கேட்டேன். ஹெச் விசையைத் தட்டினால் தலைப்புத் தலைப்பாகத் தாவ வேண்டும். உன்னுடையதில் தலைப்பே இல்லை என்றது. நீ எழுத்தைத் தடிப்பாக்கிப் பெரிதாக்கியிருக்கிறாய், தலைப்பென்று குறிக்கவில்லை. இணைப்புகளின் பட்டியலைத் திறந்தேன், "இங்கே, இங்கே, இங்கே" என்று ஏழு தரம். எது எங்கே போகிறதென்று அவளுக்கு எப்படித் தெரியும்? மறுகா ஆறாம் படி. கட்டளை வரவேண்டிய இடத்தில் "கிராஃபிக்" என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

தம்பி: கட்டளை தட்டும் டெர்மினல் திரையைப் படம் பிடித்து ஒட்டினேன், அதுதான்.

மாமா: எனக்கும் அதைப் பிரதி எடுக்க முடியவில்லை மனே. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தட்டினேன், ஒரு இடைவெளி தவறிப் பிழை என்று வந்தது.

நான்: கட்டளையை எழுத்தாகவே போடு தம்பி, மாமாவுக்கும் பிள்ளைக்கும் அது ஒன்றே போதும். திரையைப் பிடித்துப் போட்ட மற்றப் படங்களுக்கு, படத்தில் என்ன இருக்கிறதென்று சொல்லும் மாற்று விவரம் எழுது.

[பி.ப. 8:52] தம்பி: மாற்றிவிட்டேன், பாருங்கள்.

[மு.ப. 10:20] மாமா: மறுபடி பாலத்தடிக்கு வந்தேன். தெரிகிறது மனே. ஆறாம் படி ஒரே தட்டில் பிரதியாகி ஓடிவிட்டது.

சித்தப்பா: எச்சரிக்கை என்று எழுதினது நல்லது.

நான்: தம்பி, பக்கத்தின் மொழி இன்னும் ஆங்கிலம் என்றே கிடக்கிறது. அதனால் ஆங்கிலக் குரல் வந்து தமிழில் தடுமாறுகிறது. பக்கத்தின் நிரலில் லாங் (lang) என்ற இடத்தில் தமிழுக்கான டிஏ (ta) என்று போடு.

தம்பி: போடுகிறேன் அக்கா. பிள்ளையையும் ஒருக்கால் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.