பாட்டன் எந்தப் பங்கு (கோவில் வட்டாரம்), எந்தக் கல்லறை? புதுச்சேரி, கடலூர் பக்கம் கிறிஸ்தவ முன்னோரைத் தேடியவர்களின் அனுபவங்கள்

உப்பளத்தான்:

ஒரு வரி மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. புதுச்சேரி சம்பா கோவிலின் இறந்தோர் புத்தகம், 1840-களின் ஏடு. நாள் 12. மாதம் இருக்க வேண்டிய இடத்தில் 7 என்ற எண், அதன் தோளில் பொடியாக ‘பிர்’. அவ்வளவுதான். அந்த வீட்டில் நாலு தலைமுறையாக ஜூலை 12-ல் வருஷப் பூசை வைக்கிறார்கள். எப்போதோ ஒருவர் ஏட்டைப் பார்த்துவிட்டு நோட்டில் ‘7-ஆம் மாதம்’ என்று எழுதிவைத்ததுதான் காரணம். அது ஜூலை இல்லை, செப்டம்பர். லத்தீனில் ‘செப்தெம்’ என்றால் ஏழு, ‘பிர்’ மாதப் பெயரின் வால். பழைய ரோமானியக் கணக்கில் வருஷம் மார்ச்சில் பிறந்ததால் செப்டம்பர் ஏழாவதாக வந்தது. அதே மாதிரி 8 போட்டால் அக்டோபர், 9 போட்டால் நவம்பர், ரோமன் பத்து போட்டால் டிசம்பர். சாமியார்களின் கைப்பழக்கம் இது.

முந்தைய பதிவு ஆகஸ்ட், அடுத்த பதிவு 8 ‘பிர்’. பக்கத்தைப் புரட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒற்றை வரியை மட்டும் குறித்துக்கொண்டு வராதீர்கள், முன்னும் பின்னும் ஐந்து பதிவாவது பாருங்கள். இன்னொன்று: ஏட்டின் ஓரத்தில் இருக்கும் தேதி அடக்கம் செய்த தேதி. செத்த நாள் உள்ளே இருக்கும். ‘ஹெரி’ என்றால் நேற்று, ‘ஹோதியே’ என்றால் இன்று. ‘செபுல்துஸ்’ (புதைக்கப்பட்டார்) என்ற சொல்லைத் தேடிப் பிடித்தால், எங்கே புதைத்தார்கள் என்பது அதன் பின்னாலேயே வரும்.

நெல்லித்தோப்பு செல்வி:

அண்ணன் சொன்னது மாதம். ஆளே மாறிப்போவது பெயரில்தான். ‘சாமிநாதன்’ என்று வீட்டில் சொல்லும் பெயரைக் கேட்டதும், மதம் மாறுவதற்கு முன்னாலிருந்த பெயர் என்று நினைத்து ஒரு குடும்பம் ஞானஸ்நானப் புத்தகத்தையே திறக்காமல் விட்டிருக்கிறது. புனித தோமினிக்கைத் தமிழில் சாமிநாதர் என்றுதான் சொல்வோம். ஏட்டில் ‘தோமினிக்குஸ்’ என்ற பெயரில் அவர் பத்திரமாக இருக்கிறார். அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது நெஞ்சு அடைத்தது.

சாமியார் லத்தீனிலோ பிரெஞ்சிலோ எழுதுவார், வீட்டில் தமிழில் கூப்பிடுவார்கள். ஆகவே இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள். பேத்ருஸ் என்றால் இராயப்பன். பவுலுஸ் சின்னப்பன். யோவான்னெஸ் அருளப்பன். யாக்கோபுஸ் சந்தியாகு, சில இடத்தில் யாகப்பன். அந்திரேயாஸ் பெலவேந்திரன். யோசேபுஸ் சூசை. அலோய்சியுஸ் ஞானப்பிரகாசம். பெனதிக்துஸ் ஆசீர்வாதம். பெண்களுக்கு ‘ரெலிக்தா’ என்று வந்தால் அவர் கைம்பெண், அடுத்து வருவது செத்துப்போன புருஷன் பெயர். அதை அப்பா பெயராக எழுதிக்கொண்டால் ஒரு தலைமுறையே பிசகிவிடும்.

முதுநகர்க்காரன்:

அண்ணன், அக்கா இரண்டு பேரும் ஏட்டைத் திறந்த பிறகு நடப்பதைச் சொல்கிறீர்கள். எந்த ஏடு என்பதிலேயே பாதிப் பேர் தவறுகிறார்கள். ‘வீட்டுக்குப் பக்கத்துக் கோவில்’ என்று தொடங்குவது நம் பக்கத்துக்குச் சரிவராது. புதுச்சேரி ஊருக்குள்ளேயே 18-ஆம் நூற்றாண்டில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சேசு சபைச் சாமியார்களின் சம்பா கோவிலுக்கு உரியவர்கள். வெள்ளைக்காரர்களும் கலப்பினக் குடும்பங்களும் கப்புச்சின் சாமியார்களின் கோவிலுக்கு, அதாவது நாம் கப்ஸ் கோவில் என்கிற தூமா வீதிக் கோவிலுக்கு உரியவர்கள். வீடு கப்ஸ் கோவில் வாசலிலேயே இருந்தாலும் தமிழர் பதிவு சம்பா கோவிலில் இருக்கும். சேசு சபை கலைக்கப்பட்டபின் 1776-ல் பாரீஸ் மிஷன் சாமியார்கள் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள்.

1676 முதல் 1760 வரையிலான பதிவுகளின் சுருக்கம் பிரெஞ்சு கவர்னர் மார்த்தினோ காலத்தில் அச்சாகத் தொடங்கியது. பெரும்பாலும் ஐரோப்பியர், கலப்பினத்தார் பெயர்கள்தான் அதில் இருக்கின்றன. அதில் ‘தோப்பா’ என்று வரும் சொல்லைத் துபாஷி என்று வாசித்துவிடுகிறார்கள். தோப்பா என்றால் போர்த்துகீசியப் பெயர் வைத்துக்கொண்ட கலப்பினக் கிறிஸ்தவர். துபாஷி வேறு, அது மொழிபெயர்க்கிறவர் தொழில். இந்த ஒரு சொல்லால் ‘எங்கள் முன்னோர் கவர்னரின் துபாஷி’ என்று நம்புகிற வீடுகள் இருக்கின்றன.

கடலூர்ப் பக்கம் கதையே வேறு. தேவனாம்பட்டினம் கோட்டையை 1690-ல் இங்கிலீஷ்காரர்கள் வாங்கியபின் இது மதராஸ் கணக்கு. ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் என்றால் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றின் நகலும் லண்டனுக்குப் போயிருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் மதராஸ் மாகாணத்துக்கு ‘என் 2’ என்ற வரிசை. தமிழர் பெயரை அங்கே தேடி மாதக்கணக்கை வீணாக்க வேண்டாம். இன்னொரு சிக்கல், கடலூரில் கத்தோலிக்கர் கையிலிருந்த கோவில் 1749-ல் புராட்டஸ்டண்ட் மிஷனரி கீர்நாண்டரிடம் கொடுக்கப்பட்டது. 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்ததும் அவர் ஊரைவிட்டே போனார். ஆகவே ஒரே வளாகத்தில் இரண்டு சபைக்காரர்களின் எலும்பும் கிடக்கலாம். எந்த வருஷம் என்று தெரியாமல் எந்தச் சபை என்று சொல்ல முடியாது.

பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம் ஊர்க்காரர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. நம் கிராமங்கள் பிரெஞ்சு, இங்கிலீஷ் எல்லைக்குள் துண்டு துண்டாகக் கிடந்தவை. வயல் ஒரு நாட்டில், கல்லறை இன்னொரு நாட்டில். அரசுப் பதிவுக்கு எல்லை பார்க்க வேண்டும். கோவில் பதிவுக்கு எல்லை பார்க்க வேண்டாம், தாய்ப்பங்கு எது என்று பார்க்க வேண்டும். கிளைக் கிராமத்தில் கோவில் இருந்தாலும், அங்கே சாமியார் தங்காத காலத்துப் பதிவெல்லாம் தாய்ப்பங்கின் ஏட்டில்தான். கும்பகோணம் 1899-லும் சேலம் 1930-லும் தனி மறைமாவட்டம் ஆயின. அந்தப் பக்கத்து ஆட்கள் எந்த வருஷத்துப் பதிவு எங்கே போனது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மிஷன் வீதி மாணவர்:

முதுநகர் ஐயா அரசுப் பதிவை ஒரே வரியில் தாண்டிவிட்டார். பிரெஞ்சுப் பக்கத்துக்காரர்களுக்குப் பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

கண்ணில் நிற்பது ஒரு 1882-ஆம் வருஷத்துப் பத்திரம். இராயப்பன் மகன் சூசை, தொழில் நெசவு. கீழே நாலு வரி தாண்டி, இனி இந்தக் குடும்பம் இந்தப் பிரெஞ்சுப் பெயரால் அழைக்கப்படும் என்று இருந்தது. அந்த ஒரு வரிக்கு முன்னால் அந்தக் குடும்பப் பெயரே உலகத்தில் இல்லை. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள்தான் ரெனோன்சான். அப்போது குடும்பப் பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். மனைவி, பிள்ளைகள் பெயர், வயது எல்லாம் சேர்ந்தே வரும். அதனால் 1881-க்கு முன்னால் குடும்பப் பெயரை வைத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. துறப்புப் பத்திரத்தை முதலில் பிடியுங்கள், அதிலிருந்து அப்பா பெயர், அதிலிருந்து பங்கு ஏடு. இந்த வரிசை மாறக் கூடாது.

1776-ல் வெர்சாய் ஆணை வந்தபின் காலனிப் பதிவேடுகளின் பிரதி பிரான்சுக்குப் போகத் தொடங்கியது. இப்போது அவை ஏக்ஸ் ஆன் புரோவான்ஸ் நகரில் கடல்கடந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பட நகல்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு வருஷ ஏட்டின் கடைசிப் பக்கங்களிலும் பெரும்பாலும் பெயர்ப் பட்டியல் இருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள். இங்கே பூச்சி அரித்த பக்கம் அங்கே முழுசாக இருப்பதுண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்துக்கொண்ட குடும்பங்களின் பிற்காலப் பதிவுக்கு நாந்த் நகரத்து அலுவலகம். உள்ளூரில் மேரி எனப்படும் நகராட்சி அலுவலகத்தின் பதிவேடுகளும், லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளையும் உண்டு. மேரிக்குப் போனால் வருஷம், கம்யூன் (உள்ளாட்சிப் பகுதி), அப்பா பெயர் மூன்றையும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எழுதிக்கொண்டு போங்கள். தமிழ் ‘ழ’, ‘ற’ வரும் பெயரைப் பிரெஞ்சு எழுத்தர் மூன்று விதமாக எழுதியிருப்பார், மூன்றையும் கேளுங்கள்.

தேவனாம்பட்டினம் கல்வாசகன்:

எல்லாரும் தாளோடு நின்றுவிட்டீர்கள். கல் பொய் சொல்லாது என்று நான் சொல்லவரவில்லை, கல்லும் பொய் சொல்லும். ஆனால் எப்படிப் பொய் சொல்கிறது என்று தெரிந்தால் உண்மையைப் பிடித்துவிடலாம்.

ஒரு சுதைக் கல்லறையில் ௲௮௱௭௰௪ என்று கறுப்புப் பெயிண்ட் பளபளக்கிறது. 1874. பக்கத்திலேயே ‘தாது வருஷம் ஐப்பசி’. இரண்டும் ஒத்துப்போகாது. 1874 என்றால் பவ வருஷம். தாது என்றால் 1876 சித்திரை முதல் 1877 பங்குனி வரை, அதாவது பஞ்ச காலம். விரலால் தடவிப் பார்த்தால்தான் தெரிகிறது, கடைசி எழுத்துக்கு ஒரு வால் இருந்திருக்கிறது. அது ௪ இல்லை, ௬. கல்லறைத் திருநாளுக்கு வருஷா வருஷம் வெள்ளையடித்து எழுத்தின் மேல் பெயிண்ட் இழுக்கிறவர் அந்த வாலை விட்டுவிட்டார். ஒரு பஞ்சச் சாவு, பஞ்சத்துக்கு முந்தைய சாவாகிவிட்டது.

தமிழ் எண் தெரியாதவர்களுக்கு: ௧ க மாதிரி, ௪ ச மாதிரி, ௬ சு மாதிரி, ௭ எ மாதிரி, ௮ அ மாதிரி. ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். க-வும் ச-வும் தேய்ந்த கல்லில் ஒன்றுபோலவே இருக்கும். தமிழ் வருஷப் பெயர் கூட இருந்தால் அதை வைத்துச் சரிபாருங்கள். தை, மாசி, பங்குனி என்று வந்தால் இங்கிலீஷ் வருஷம் ஒன்று கூடும், தாது வருஷத் தை 1877-ல்தான் வரும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதையும் மறக்காதீர்கள்.

படிக்கிற முறை: உச்சி வெயிலில் போகாதீர்கள், எழுத்து தட்டையாகிவிடும். காலை ஏழு மணிக்கு, அல்லது சாயங்காலம் இருட்டியபின் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழும். பகலிலேயே பார்க்க வேண்டுமென்றால் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்புங்கள். நாலு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படம். கம்பி பிரஷ், ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதுவும் வேண்டாம். கடற்காற்றின் உப்பு சுதைக்குள் ஊறி ஏற்கெனவே பொருக்குத் தட்டியிருக்கும். தேய்த்தால் எழுத்தோடு உதிரும். வெறும் தண்ணீரும் மெத்தென்ற தென்னை நார்த் துடைப்பமும் போதும், அதுவும் கருங்கல்லுக்கு மட்டும்.

ஐரோப்பியர் கல்லானால், காட்டன் என்பவர் தொகுத்து 1905-ல் மதராஸில் அச்சான கல்வெட்டுப் பட்டியலை முதலில் பாருங்கள். இன்றைக்கு அழிந்துபோன வாசகம் அதில் இருக்கக்கூடும்.

நெல்லித்தோப்பு செல்வி:

தென்னை நாருக்கும் நான் ஒப்பமாட்டேன் அண்ணா. சுதைக்கு மட்டுமில்லை, மார்பிளுக்கும் அது கீறும். பழைய பருத்தித் துணி போதும்.

பாகூர் மருமகள்:

கல்யாணப் புத்தகத்தை யாருமே சொல்லவில்லை. ஒரு பதிவில் ‘இரண்டாம் படி உறவு, விலக்கு அளிக்கப்பட்டது’ என்று லத்தீனில் ஓரமாக ஒரு வரி. அந்தக் காலத்துத் திருச்சபைக் கணக்கில் இரண்டாம் படி என்றால் மாமன் மகள், அத்தை மகள் மாதிரி உடன்பிறந்தார் பிள்ளைகள். ‘முதல் படியும் இரண்டாம் படியும்’ என்று கலந்து வந்தால் அக்காள் மகளைக் கட்டியது. அந்த ஒரு வரியால் இரண்டு வீட்டுக்கும் ஒரே தாத்தா என்று உறுதியானது, தனியாகத் தேட வேண்டியிருக்கவில்லை. கல்யாணத்துக்கு முன் கோவிலில் ஓலை வாசித்த குறிப்பில் பெண்ணின் பங்கும் இருக்கும். 1908-க்குப் பிறகு கல்யாணமானவர் என்றால் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலேயே எங்கே, எப்போது கல்யாணம் என்று எழுதியிருக்க வேண்டும். ஓரத்தைப் படிக்காமல் ஏட்டை மூடாதீர்கள்.

உப்பளத்தான்:

மருமகள் சொன்னதோடு அடக்க இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘கல்லறை எண் எங்கே’ என்று கேட்கிறவர்கள் அதிகம். பழைய ஏட்டில் குழி எண் இருக்காது. கட்டடம் எழுப்பாத குழியைச் சில வருஷம் கழித்து வேறொருவருக்குத் திறப்பார்கள். ஆகவே ஏழைக் குடும்பத்துக்குக் கல் கிடைக்கவில்லை என்றால் தவறான கல்லறைக்கு வந்துவிட்டோம் என்று பொருள் இல்லை. பிரிவும் முக்கியம். சம்பா கோவிலுக்குள்ளேயே சாதிச் சுவர் ஒன்று 1745-ல் இடிக்கப்படும்வரை நின்றது, ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கோடு பல ஊர்களில் அதற்குப் பிறகும் வெகுகாலம் அழியவில்லை. எந்த மூலை யாருக்கு என்பதைக் குழி வெட்டுகிற குடும்பத்து வயசானவரிடம் கேளுங்கள்.

பங்குச் சாமியாரிடம் போக நவம்பர் முதல் வாரமும் தவக்காலக் கடைசியும் ஆகாது. வார நாளில் காலைப் பூசை முடிந்து அரைமணி கழித்துப் போங்கள். கையில் ஒரு தாள்: பெயர் தமிழிலும் லத்தீனிலும், அப்பா பெயர், ஐந்து வருஷம் முன்பின் இடைவெளி. பெரிய ஏட்டை நீங்களே புரட்ட விடச்சொல்லி வற்புறுத்த வேண்டாம், தாள் நொறுங்கும். அவர் புரட்டட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். படம் எடுக்க அனுமதி தந்தால் ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். கிளம்பும்போது அந்த ஆத்துமாவுக்கு ஒரு பூசை எழுதிக்கொடுங்கள், தேதியைச் செப்டம்பர் 12 என்று தெளிவாகச் சொல்லி.