வார்கிராஃப்ட் 3 மேப்: ஆட்டக்காரரின் முன்னேற்றத்தை அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டுசெல்வது எப்படி?

வடகரையான் (கேள்வி):

வணக்கம். வார்கிராஃப்ட் 3 என்னும் கணினி ஆட்டத்தில் மேப் (ஆட்டக்களம்) உருவாக்கும் கருவியான வேர்ல்டு எடிட்டரில், ஆறு பேர் சேர்ந்து ஆடக்கூடிய ஓர் ஆர்பிஜி (பாத்திரத்தை வளர்த்து ஆடும் வகை) மேப்பை உருவாக்கி வருகிறேன். ஹீரோவை நூறாவது லெவல் வரை வளர்க்க வேண்டியிருப்பதால், அதை ஒரே மூச்சில் ஆடி முடிக்க இயலாது. பல வாரங்கள் விட்டுவிட்டு ஆடும்படி இருக்கும். எனவே ஒவ்வொருவருடைய ஹீரோ வகை, லெவல், தங்கம், பையில் உள்ள ஆறு பொருள்கள் ஆகியவை ஆட்டம் முடிந்த பிறகும் அழியாமல் இருந்து, அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

டிரிகர் (ஒரு நிகழ்வு நடந்ததும் இயங்கும் கட்டளைகள்) பட்டியலில், ஆட்ட விவரங்களைச் சேமித்துவைக்கும் கேம் கேச் என்றொரு வகை இருந்ததால் அதைக் கொண்டே தொடங்கினேன். தனியாகச் சோதிக்கும்போது எல்லாம் சரியாக நடக்கிறது: ஆட்டத்தை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தாலும் ஹீரோ பழைய நிலையிலேயே வருகிறான். நண்பர்களோடு இணையவழி ஆடும் சேவையான பேட்டில்நெட்டில் ஆடினால் மட்டும் அடுத்த ஆட்டத்தில் கேச் வெறுமையாக இருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. பலர் சேர்ந்து ஆடும்போதும் கேம் கேச்சை நிலைக்கச் செய்ய வழி உண்டா? பழைய மேப்கள் சிலவற்றில் ஆட்டக்காரர் சேமிப்புக் கட்டளையைத் தட்டியதும் ஒரு நீண்ட குறியீடு திரையில் வரும். அதைத் தாளில் எழுதிவைத்து மறுமுறை உள்ளிட வேண்டும். இன்றும் அதுதான் வழியா? சர்வர் அமைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. மேப்களுக்கான நிரல்மொழியான ஜாஸை ஓரளவு எழுதத் தெரியும்.

குறிமுறையன்:

வணக்கம். கேம் கேச் பற்றிய கேள்விக்கு விடை எளியது: பலர் ஆடும் ஆட்டத்தில் அது வட்டில் எழுதப்படுவதில்லை, அவ்வளவுதான். ஒரு போர்த்தொடரின் முதல் மேப்பில் வளர்ந்த ஹீரோ அடுத்த மேப்புக்கு அதே வாளோடும் அதே லெவலோடும் செல்ல வேண்டும் என்பதற்காகவே அது உருவாக்கப்பட்டது. 2003-இல் வந்த ஃப்ரோசன் த்ரோன் என்னும் விரிவாக்கத்தில், ரெக்சார் என்னும் ஹீரோவின் தொடர், ஒரு மேப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பி வர முடிவதற்கும் அந்த ஏற்பாடே காரணம். பலர் ஆடும்போது கேச் அந்த ஆட்டம் முடியும் வரை நினைவகத்தில் மட்டும் இருக்கும். சேமிக்கும் கட்டளை எதையும் செய்யாமல் திரும்பிவிடும். ஆகவே உங்கள் டிரிகரில் பிழை தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

குறியீட்டு முறை பழையதுதான் என்றாலும், அது இவ்வளவு காலம் நீடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. வார்கிராஃப்ட் 3-இல் ஆட்டத்தின் நிலை ஒரு மையக் கணினியிலிருந்து மற்றவர்களுக்கு அனுப்பப்படுவதில்லை. ஒவ்வொருவர் கணினியும் முழு ஆட்டத்தையும் தானே கணக்கிட்டு நடத்துகிறது, வலையில் பயணிப்பவை ஆட்டக்காரர்களின் கட்டளைகள் மட்டுமே. எல்லாக் கணினிகளும் ஒரே கணக்கைச் செய்யும் வரைதான் ஆட்டம் நிற்கும். ஒருவர் கணினியில் மட்டும் ஹீரோவின் லெவல் 40 என்றும் மற்றவர்களிடம் 1 என்றும் இருந்தால், அந்த நொடியே இசைவு முறிந்து அவர் வெளியேற்றப்படுவார். அரட்டையில் தட்டப்படும் செய்தியோ ஒரு கட்டளையைப் போலவே எல்லாரிடமும் போய்ச் சேர்கிறது. எனவே குறியீட்டை அரட்டையில் உள்ளிட்டால், ஆறு கணினிகளும் அதே எழுத்துகளைப் பெற்று, அதே கணக்கைப் போட்டு, அதே ஹீரோவை உருவாக்கிவிடுகின்றன. ஒத்திசைவைப் பற்றி மேப்பை எழுதுபவர் கவலைப்பட வேண்டியதே இல்லை.

குறியீட்டை உருவாக்கும் முறையைச் சொல்கிறேன். மணி, நிமிடம், நொடி மூன்றையும் ஒரே நொடிக்கணக்காக்குவதைப் போன்றது இது. ஓர் எண்ணைச் சுழியில் தொடங்குங்கள். ஒவ்வொரு விவரத்துக்கும், அந்த விவரம் எத்தனை மதிப்புகளை ஏற்கக்கூடுமோ அந்த எண்ணால் பெருக்கி, தற்போதைய மதிப்பைக் கூட்டுங்கள். திரும்பப் படிக்கும்போது தலைகீழ் வரிசையில் வகுத்தால், ஒவ்வொரு வகுத்தலின் மீதியும் ஒரு விவரம். உங்கள் மேப்பில் 12 ஹீரோக்கள், 100 லெவல்கள், 1,00,000-க்குள் தங்கம், வெற்றிடத்தையும் சேர்த்து 60 வகைப் பொருள்கள், ஆறு இடங்கள் என்று வைத்துக்கொண்டால், மொத்தச் சாத்தியங்கள் ஏறத்தாழ 56-ஐ அடுத்து 17 சுழிகள் வரும் ஓர் எண். ஜாஸின் முழு எண் 2,147,483,647-ஐத் தாண்டாது என்பதால், இலக்கங்களை ஓர் அணியில் (வரிசைப் பட்டியலில்) வைத்துப் பெருக்கவும் வகுக்கவும் சிறிய துணைச்செயல்கள் இரண்டை எழுதிக்கொள்ள வேண்டும். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். சிறிய மதிப்புகளில் சரியாக நடந்த குறியீடு, ஹீரோ நன்றாக வளர்ந்த பிறகே கெடும்.

அந்த எண்ணை எழுத்துகளாக மாற்ற, ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 26, இலக்கங்கள் 10 ஆகியவற்றிலிருந்து, ஒன்றுக்கொன்று மயங்கும் சுழி, ஓ, ஒன்று, ஐ என்னும் நான்கையும் நீக்கினால் 32 எழுத்துகள் கிடைக்கும். மேற்சொன்ன விவரம் முழுவதும் 13 எழுத்துகளில் அடங்கும். சரிபார்ப்புக்கு மேலும் 4 எழுத்துகள் சேர்த்தால், குருட்டாம்போக்கில் தட்டப்படும் குறியீடு ஏற்கப்படும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். மேப்பின் பதிப்பு எண்ணுக்கு 16 மதிப்புகளை ஒதுக்கினாலும் மொத்தம் 18 எழுத்துகள்தான். நடுவே இடைக்கோடு போட்டு மூன்று துண்டுகளாகக் காட்டினால், கையால் எழுதிக்கொள்பவருக்கும் சிரமமில்லை.

எதைச் சேமிப்பது என்பதில் சிக்கனம் தேவை. ஹீரோவின் உயிர்ப்புள்ளி, தாக்கும் வலிமை போன்றவை லெவலிலிருந்தும் பொருள்களிலிருந்தும் தாமாகவே வந்துவிடும்; அவற்றைக் குறியீட்டில் ஏற்ற வேண்டாம். ஏட்டைப் படித்து நிரந்தரமாக வலிமை கூட்டிக்கொள்ளும் வசதி உங்கள் மேப்பில் இருந்தால் மட்டும், அதற்கென ஓர் இடம் வேண்டும்.

இரவுக்காவல்:

மேலே உள்ள விளக்கத்தோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் குறியீட்டை ஆட்டக்காரர் கையால் எழுத வேண்டிய அவசியம் இப்போது இல்லை. அதை மேப்பே அவருடைய கணினியில் ஒரு கோப்பாக எழுதிவைத்து, அடுத்த முறை தானாகப் படித்துக்கொள்ள முடியும்.

மேப்புக்குத் தேவையான கோப்புகளை முன்கூட்டியே ஏற்றுவதற்காக ஆட்டத்தில் பிரீலோட் என்னும் வசதி இருக்கிறது. எவற்றை ஏற்ற வேண்டும் என்ற பட்டியலை ஒரு கோப்பில் எழுதும் கட்டளை பிரீலோட்ஜென்எண்ட். அந்தக் கோப்பை இயக்கும் கட்டளை பிரீலோடர். எழுதப்படும் கோப்பு உண்மையில் ஒரு சிறிய ஜாஸ் நிரல். எனவே பட்டியலில் சேர்க்கும் சரத்துக்குள் (எழுத்துத்தொடருக்குள்) மேற்கோள் குறியை மூடி, நமக்கு வேண்டிய வேறொரு கட்டளையை நுழைத்துவிட்டால், கோப்பு இயங்கும்போது அந்தக் கட்டளையும் சேர்ந்து இயங்கும். மேப்பில் யாரும் பயன்படுத்தாத ஒரு திறனின் விளக்கச் சொல்லாகக் குறியீட்டை அமைக்கும் கட்டளையை அங்கே வைப்பது வழக்கம். பிறகு மேப் அந்த விளக்கத்தைப் படித்துக் குறியீட்டைப் பெறும். சுற்றுவழிதான், ஆனால் பல ஆண்டுகளாகப் பெரிய மேப்கள் இதன்மேல்தான் ஓடுகின்றன. ஒரு வரியில் 250 எழுத்துகளைத் தாண்டாதீர்கள். உங்கள் 18 எழுத்துகளுக்கு அது தாராளம். இப்போதைய பதிப்புகளில் கோப்பு, ஆவணங்கள் அடைவுக்குள் வார்கிராஃப்ட் 3-இன் கஸ்டம்மேப்டேட்டா அடைவில் எழுதப்படுகிறது. பழைய பதிப்புகளில் அதைப் படிப்பதற்கு விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை ஆட்டக்காரரே மாற்ற வேண்டியிருந்தது. அந்தத் தொல்லை இப்போது நீங்கிவிட்டது.

கோப்பு ஒருவர் கணினியில் மட்டும் இருப்பதால், அதை எழுதுவதும் படிப்பதும், இந்தக் கணினியின் ஆட்டக்காரர் யார் என்று சொல்லும் கெட்லோக்கல்பிளேயர் நிபந்தனைக்குள் நடக்க வேண்டும். படித்தவுடன் ஹீரோவை உருவாக்கிவிடாதீர்கள்; குறிமுறையன் சொன்ன இசைவு முறிவு அப்போதுதான் நேரும். படித்த சரத்தை பிளிஸ்சென்ட்சிங்க்டேட்டா கட்டளையால் எல்லாருக்கும் அனுப்பி, அது வந்து சேர்ந்ததாக நிகழ்வு எழும்போது, நிபந்தனைக்கு வெளியே, எல்லாக் கணினிகளிலும் ஒருசேர ஹீரோவை உருவாக்குங்கள். அனுப்பிய அதே வரியில் தரவு வந்துவிடாது. வலையின் வேகத்தைப் பொறுத்துச் சற்றுத் தாமதமாகும். ஆகவே ஹீரோவைத் தேர்ந்தெடுக்கும் திரையை அந்த நிகழ்வுக்குப் பிறகு காட்டுவது நல்லது.

இன்னொன்று: ஒருவர் ஆட்டத்தை விட்டுப் போகும் நிகழ்வில் சேமித்துக்கொள்ளலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த நிகழ்வு எஞ்சியிருப்பவர்களின் கணினியில்தான் எழும். போனவருடைய கணினியில் மேப் ஏற்கெனவே நின்றுவிட்டது, அங்கே எழுத யாரும் இல்லை. எனவே பெரிய அரக்கன் விழுந்ததும், லெவல் கூடியதும், அவை இல்லாவிட்டால் சில நிமிடங்களுக்கு ஒரு முறையும் தானாகச் சேமியுங்கள்.

வடகரையான்:

இருவருக்கும் மிக்க நன்றி. கேச் ஏன் வெறுமையாக இருந்தது என்பது தெளிவாகிவிட்டது. ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. கோப்பு ஆட்டக்காரரின் கணினியிலேயே கிடக்கிறது. எந்த உரைத்திருத்தியிலும் அதைத் திறக்கலாம். அதைத் திருத்தி நூறாவது லெவலுக்குத் தாவுவதையும், நண்பரின் குறியீட்டை வாங்கிப் பயன்படுத்துவதையும் எப்படித் தடுப்பது?

பழைய ஆட்டக்காரன்:

திருத்துவதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கோப்பில் இருப்பதும் அதே 18 எழுத்துகள்தான். ஓர் எழுத்தை மாற்றினாலும் சரிபார்ப்பு தவறும். சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடும்போது, உங்களுக்கு மட்டும் தெரிந்த ஓர் எண்ணையும், ஆட்டக்காரரின் பெயரிலிருந்து பெற்ற எண்ணையும் கலந்துவிட்டால், நண்பரின் குறியீடும் செல்லாது. பெயரை எண்ணாக்கும் ஸ்டிரிங்ஹேஷ் கட்டளை பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்தாது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். பெயரை மேப் தொடங்கியவுடனே படித்து வைத்துக்கொள்வதும் அவசியம். ஆட்டத்தின் நடுவே டிரிகர்களால் பெயர் மாற்றப்படும் மேப்களில், பிறகு படித்தால் வேறு சரம் கிடைக்கும்.

ஆனால் பெயரோடு கட்டுவதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. தம் பெயரை மாற்றிக்கொண்டவர் அத்தனையையும் இழப்பார். பேட்டில்நெட்டிலும், லேன் எனப்படும் உள்வலையிலும் வெவ்வேறு பெயரில் ஆடுபவரும் அப்படியே. மேப்பைப் பிரித்துப் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு உங்கள் இரகசிய எண்ணும் வெளிப்படையாகவே கிடைக்கும், ஏனெனில் கணக்கு முழுவதும் அவருடைய கணினியில்தான் நடக்கிறது. ஸ்டார்கிராஃப்ட் 2 வந்தபோது, முன்னேற்றத்தைச் சேமிக்கும் பேங்க் கோப்புகளையும் அவற்றுக்குக் கையொப்பமிடும் வசதியையும் ஆட்டமே கொடுத்தது. அங்கே மேப்பை எழுதுபவர் இந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்ய வேண்டியதில்லை. இங்கே நாம்தான் எல்லாவற்றையும் கட்டுகிறோம். சாவியும் பூட்டும் ஒரே வீட்டில் இருக்கும்போது, எவ்வளவு பெரிய பூட்டைப் போட்டாலும் பயன் குறைவு.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: செல்லுபடியாகும் பழைய குறியீடு. ஒருவர் தம் அரிய வாளைச் சேமித்துவிட்டு, அதை நண்பரிடம் கொடுத்து, நண்பர் சேமித்ததும் தம் பழைய குறியீட்டையே மீண்டும் ஏற்றினால் வாள் இரண்டாகிவிடும். யாரும் எதையும் திருத்தவில்லை. சரிபார்ப்பும் சரியாகவே இருக்கும். கோப்பை வேறோர் அடைவில் படியெடுத்து வைத்தாலும் இதே கதைதான். எந்தக் குறியீடு கடைசியானது என்பதை அறியும் சர்வர் இல்லாத வரை, இதைக் கணக்கால் தடுக்க இயலாது. ஆட்டத்தின் விதியால்தான் தடுக்க முடியும். அரிய பொருள்களை எடுத்தவரோடு பிணைத்துவிட்டு, கைமாறக்கூடியவை மருந்து, சாதாரண ஆயுதம் ஆகியவை மட்டும் என்று வையுங்கள். தங்கத்தைக் கொடுக்கல் வாங்கலுக்கு விடவே வேண்டாம். அல்லது சேமிக்கப்படும் தங்கத்துக்குத் தாழ்வான ஓர் உச்சவரம்பை வையுங்கள். சூதாடிப் பொருளை மேம்படுத்தும் கொல்லன் உங்கள் மேப்பில் இருந்தால், அவனை எடுத்துவிடுங்கள் என்றே சொல்வேன். தோற்றவர் ஒவ்வொருவரும் பழைய குறியீட்டை ஏற்றிக்கொண்டு திரும்ப வருவார்.

குறிமுறையன்:

பழைய ஆட்டக்காரன் சொன்னது சரியே. அரிய பொருள்களைப் பிணைப்பதுதான் நானும் செய்வது. பெயரைக் கட்டுவதை மட்டும் நான் விடமாட்டேன். ஒருவரின் உச்சநிலைக் குறியீடு எங்காவது பொதுவில் ஒட்டப்பட்டால், புதிதாக வருபவர் ஆடாமலேயே மேப்பை முடித்துவிடுவார். பெயர் மாற்றுபவர்களைவிட அத்தகையவர்கள் மிக அதிகம்.

வடகரையானுக்கு, பதிப்பு எண்ணைப் பற்றி ஒரு குறிப்பு. படிக்கும்போது முதலில் அதுதான் வெளிவர வேண்டும். எழுதும் வரிசையில் அது கடைசியில் சேர்க்கப்பட வேண்டும் என்று இதற்குப் பொருள். எடிட்டர் பொருள்களுக்குத் தரும் நான்கெழுத்துப் பெயர்களைக் குறியீட்டில் வைக்காமல், ஒரு பட்டியலில் அவற்றின் வரிசை எண்ணை வையுங்கள். புதிய பொருள்களைப் பட்டியலின் இறுதியில் மட்டும் சேருங்கள். மேப்பிலிருந்து ஒரு பொருளை நீக்கினாலும் அதன் இடத்தை நீக்காமல், இணையான வேறொரு பொருளை அங்கே நிரப்புங்கள். பட்டியலுக்கு இன்று 60 பொருள்கள் போதும் என்று தோன்றினாலும் 200-க்கு இடம் விட்டுத் தொடங்கலாம். ஆறு இடங்களுக்கும் சேர்த்துக் குறியீடு இரண்டு எழுத்துகள்தான் நீளும். பெருக்கும் எண் ஒரு முறை மாறிவிட்டால் பழைய குறியீடுகள் அத்தனையும் தவறான பொருள்களாகத் திரும்பும்; அப்போது பழைய பதிப்பைப் படிக்கும் செயலைத் தனியே வைத்துக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

தனியாகச் சோதிப்பதில் இசைவு முறிவு ஒருபோதும் வெளிப்படாது. கோப்பைப் படிக்கும் பகுதியை எழுதி முடித்ததும், இரண்டு கணினிகளை லேனில் இணைத்து, ஒன்றில் சேமித்த கோப்பு இருக்கவும் மற்றதில் இல்லாதிருக்கவும் செய்து ஒரு முறை ஆடிப் பாருங்கள்.