முழு டிஜி பேக்கப் இருக்கிறதாம், அதற்காகப் பங்கு வாங்கலாமா?

நெல்லைக்காரன்: ஒரு சின்ன ஆட்டோ உதிரிபாக நிறுவனம், மொத்தமே இரண்டு ஆலைதான். ஆண்டறிக்கையில் முழு டிஜி (டீசல் ஜெனரேட்டர், ஜென்செட்) பேக்கப் உண்டு, பேரிடர்த் திட்டமும் உண்டு என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். போட்டி நிறுவனம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இதற்காகக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கணக்குப்பிள்ளை: வேண்டாம் சார். ஜென்செட் வருஷம் முழுக்கச் சும்மா நிற்கும், தேய்மானம் மட்டும் கணக்கில் ஓடும். நஷ்டத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. 2019 ஜூனில் ஜப்பானின் யோக்காய்ச்சியில் 13 நிமிடம் கரண்ட் போய் தோஷிபா மெமரி, வெஸ்டர்ன் டிஜிட்டல் அப்போது கூட்டாக நடத்திய ஃபிளாஷ் மெமரி சிப் ஆலைகள் நின்றன. தன் பங்கில் 6 எக்ஸாபைட் (600 கோடி ஜிபி) அளவுக்குச் சரக்கு குறையும் என்று வெஸ்டர்ன் டிஜிட்டலே சொன்னது. ஆனால் அப்போது சந்தையில் ஃபிளாஷ் மெமரி கொட்டிக் கிடந்தது, உற்பத்தி குறைந்தது விலை மேலும் சரியாமல் முட்டுக்கொடுக்கத்தான் உதவியது.

பி_ஷிப்ட்: அதே ஊரில் 2010 டிசம்பரில் வோல்டேஜ் இறங்கியது 0.07 விநாடி. அடுத்த இரண்டு மாதம் சரக்கு 20 சதவீதம் வரை குறையலாம் என்று தோஷிபா அறிவித்தது. அதற்கெல்லாம் டிஜி உதவாது, அது ஸ்டார்ட் ஆகி லோடு எடுக்கவே பத்து விநாடியாவது ஆகும், நடுவில் தாங்க யுபிஎஸ் வேண்டும். அப்புறம் "முழு" என்பதை நம்பாதீர்கள். ஃபவுண்டரியில் (உலோக வார்ப்பு ஆலையில்) உருக்கும் ஃபர்னஸை டிஜியில் ஓட்டி உருக்குகிறவர் அபூர்வம், கூலிங் வாட்டர் பம்புக்கும் கிரேனுக்கும்தான் கொடுப்பார்கள், ஏனென்றால் உள்ளே உருகிய உலோகம் இருக்கும்போது தண்ணீர் நின்றால் ஃபர்னஸின் காயில் (மின்சுருள்) காலி. நான் பார்த்த இடங்களில் வாரம் ஒருமுறை லோடு இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு லாக் புத்தகத்தில் ஓகே போடுவார்கள். நிஜமாக வேண்டிய அன்றைக்கு பேட்டரி செத்திருக்கும்.

கணக்குப்பிள்ளை: நான் சொல்வதும் அதுதானே? உள்ளே இருப்பவருக்கே தெரியாததை வெளியில் இருந்து எப்படி விலை போடுவது?

நெய்தல்: தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ், கிராஸ்பியில் ஆர்க்கெமா ரசாயன ஆலை, 2017 ஆகஸ்ட், ஹார்வி புயல். கரண்ட் போனது, ஜெனரேட்டர் இருந்தது, அதையும் வெள்ளம் மூழ்கடித்தது. குளிரிலேயே வைக்க வேண்டிய ஆர்கானிக் பெராக்சைடு என்ற ரசாயனத்தை குளிர்பதன டிரெய்லர்களுக்கு மாற்றினார்கள், அவையும் நின்றுபோக சரக்கு தானே சூடேறி எரிந்தது. ஒன்றரை மைல் சுற்றளவில் 200 பேருக்கு மேல் வெளியேற்றினார்கள். இடம் வெள்ளச் சமவெளியில் இருக்கிறது என்று காப்பீட்டு நிறுவனம் ஒரு வருஷம் முன்னாலேயே அறிக்கை கொடுத்திருந்தது. நீங்கள் நம்பும் அதே இன்சூரன்ஸ்காரர்கள்தான்!

கணக்குப்பிள்ளை: ஆர்க்கெமா பெரிய கம்பெனி, தாங்கிவிட்டது. சரி, 2015 டிசம்பர் 2 அன்று சென்னையில் 'தி இந்து' ஆங்கில நாளிதழ் அச்சாகவில்லை, 1878இல் தொடங்கிய பிறகு அதுதான் முதல்முறை. ஆட்கள் மறைமலை நகர் அச்சகத்துக்கு வந்து சேர முடியவில்லை. அதற்கு எந்த ஜென்செட் வாங்குவீர்கள்?

நெய்தல்: அதனால்தான் பேரிடர்த் திட்டம் வேறு, டிஜி வேறு என்கிறேன். ஆர்க்கெமா தாங்கியது பல ஆலை இருந்ததால், இவரிடம் இருப்பது இரண்டு. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கேட்கும் பிஆர்எஸ்ஆர் (வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை) அறிக்கையில் பேரிடர்த் திட்டத்தை 100 சொல்லில் எழுதச் சொல்லும் கேள்வி உண்டு, கட்டாயமில்லை. காலியாக விட்டிருந்தால் அதுவும் தகவல்தான்.

நெல்லைக்காரன்: கூடுதல் விலை கொடுக்கவில்லை, ஆனால் ஏஜிஎம்மில் (பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில்) கேட்கப்போகிறேன். டிஜி தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது?

பி_ஷிப்ட்: டீசல் எத்தனை மணி நேரத்துக்குக் கையிருப்பு, ரோட்டில் தண்ணீர் நின்றால் டேங்கர் எந்த வழியாக வரும், இதையும் சேர்த்துக் கேளுங்கள். பதில் சொல்வது சிஎஃப்ஓவா (நிதித் தலைவரா), ஆலை மேனேஜரா என்று இங்கே வந்து எழுதுங்கள்.