கனடாவுல அரசியல் நியமனம்: யாரு யாரைப் போடுறாங்க?

செம்பனைக்காட்டுப் பையன்:
வணக்கம், மலேசியா சுங்கை சிப்புட்லேர்ந்து எழுதுறேன், யூனில பொது நிர்வாகம் படிக்கிறேன், கனடாவைப் பத்தி அசைன்மென்ட். நம்ம உள்ளூர் மன்றத்துக்கு 1965லேர்ந்து தேர்தலே இல்ல, ஆட்சில இருக்கிற கட்சி ஆளுங்கதான் உறுப்பினர், அது தெரியும். அங்க அமைச்சர் ஆபீஸ் ஆளுங்களும் அரசாங்க ஊழியரும் ஒண்ணா? குழப்பமா இருக்கு லா.

ரிட்டையர்ட் கிராணி:
ஒண்ணு இல்ல தம்பி. தகுதி பார்த்து ஆள் எடுக்கணும்னு சிவில் சர்வீஸ் கமிஷன் 1908லயே வந்துருச்சு. அமைச்சரோட ஆளுங்க தனி வகை, அவர் போனா அவங்களும் மூட்டை கட்டணும். முன்னாடி ஒரு குறுக்கு வழி இருந்துச்சு, அமைச்சர் ஆபீஸ்ல 3 வருஷம் ஓட்டிட்டா அரசாங்க வேலைல முன்னுரிமை, 2006 சட்டம் அதை வெட்டிடுச்சு. எங்க தோட்டத்துலயும் ஆள் பார்த்துதான் வேலை, கங்காணி மச்சான்தான் மண்டோரு (வேலையாட்களை மேய்க்கிறவரு), விடியக்காலைல வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுக்களத்துல பேர் பதிஞ்சவன் நான், எனக்குத் தெரியாதா!

கமலா:
தம்பி, டெபுடி மினிஸ்டரை துணை அமைச்சர்னு எழுதிடாத. நம்ம ஊர்ல அது எம்பி இல்லாட்டி செனட்டர், அங்க நம்ம கேஎஸ்யூ (அமைச்சோட தலைமைச் செயலாளர்) மாதிரி துறையோட தலைமை அதிகாரி. பெரும்பாலும் சர்வீஸ்ல வளர்ந்தவங்கதான், ஆனா போடுறது பிரதமர் சொல்றபடி. அப்போ இது அரசியல் நியமனமா இல்லையான்னு, இங்கதான் ஆராய்ச்சி பண்றவங்களுக்கே சண்டை.

ஒட்டுக்கடை வாசு:
1984 கனடா தேர்தல் டிவி விவாதத்தையும் சேரு. பிரதமர் பியர் ட்ரூடோ (ஜஸ்டினோட அப்பா) பதவிய விட்டுப் போற நேரத்துல கட்சி ஆளுங்களுக்கு பதவி அள்ளிக் குடுக்க, பழி அடுத்து வந்த பிரதமர் டர்னர் தலைல விழ, எதிர்க்கட்சித் தலைவர் மல்ரோனி அதைப் புடிச்சு உலுக்கி 282ல 211 சீட்டு. அப்புறம் அவரு மட்டும் சும்மா இருந்தாரா என்ன.

செம்பனைக்காட்டுப் பையன்:
ஐயோ கமலாக்கா, துணை அமைச்சர்னே ரெண்டு பக்கம் எழுதி வச்சிருக்கேன். இன்னிக்கி தூக்கம் போச்சு.