லேடெக் பொருளடக்கம்: ‘இயல்’ சேர்த்ததும் வரிசை கலைகிறது, உதவுங்கள்

நண்பர்களே, கடலூர் துறைமுகம் பற்றிய ஆய்வேட்டை ஸீலேடெக்கில் (லேடெக் அச்சுக்கோப்பு மென்பொருளின் யூனிகோடு வடிவம்) அச்சுக்கோக்கிறேன், நூல்களுக்கான புக் கிளாஸ் அமைப்பில். பொருளடக்கத்தில் இயல் எண் வெறும் ‘3’ என்று வந்ததை ‘இயல் 3’ ஆக்க, பொருளடக்க வடிவத்தை மாற்றும் டாக்லாஃப்ட் பேக்கேஜைச் சேர்த்தேன். வந்தது, ஆனால் ‘உப்பனாறும் படகுகளும்’ என்ற இயல் தலைப்பு அந்த 3-இன் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. எண்ணுக்கான அகலம் 1.5 எம்தான் (எம் என்பது எழுத்தின் அளவைப் பொறுத்த அலகு) என்பது அப்புறம்தான் புரிந்தது (அதற்கே ஒரு ராத்திரி போனது). 4 எம் ஆக்கினேன், சரியானது.

இப்போது 3.1, 3.2 என்ற உட்தலைப்புகள் எல்லாம் பழைய இடத்திலேயே, ‘இயல்’ என்ற சொல்லுக்கு அடியில் நிற்கின்றன. அவை இயல் தலைப்புக்கு நேர் கீழே வர எந்த அளவை மாற்ற வேண்டும்? எண்ணில்லாத முன்னுரையைப் பொருளடக்கத்தில் கையால் சேர்த்தேன். அது இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதையும் தலைப்புகளுக்கு நேராகத் தள்ள முடியுமா?

வேர்டுக்கு மாறு என்று மட்டும் சொல்லாதீர்கள். வெள்ளிக்கிழமை புதுச்சேரி போய் நெறியாளரிடம் கொடுக்க வேண்டும்.