மோரிஸ் மைனருக்கு டிஸ்க் பிரேக் மாத்தினேன், பத்து நிமிஷம் ஓட்டினா முன் வீல் கொதிக்குது

கேள்வி: பழசுப்பிரியன்

வணக்கம் மக்களே. வண்டி 1958 மோரிஸ் மைனர் 1000, 948 சிசி. நாலு வீல்லயும் ட்ரம்தான், முன்னாடி 7 இஞ்ச். இப்ப வர்ற காருங்க பிரேக்க தொட்ட உடனே நின்னுடுது, நம்மாளு மட்டும் யோசிச்சு யோசிச்சு நிக்கிறான், அந்த பயத்துல முன்னாடி மட்டும் டிஸ்க் கிட் ஒண்ணு வாங்கி நானே மாட்டிட்டேன். டிஸ்க், அதை பேட் வச்சு ரெண்டு பக்கமும் கவ்வற கேலிபர், பேட், ஹோஸ் எல்லாம் புதுசு. பின்னாடி பழைய ட்ரம்மே. பெடலை மிதிச்சா ஆயிலை வீலுக்கு தள்ளற மாஸ்டர் சிலிண்டரும் பழசுதான், லீக் ஏதும் இல்ல, அதுவும் இல்லாம அது டிரைவர் காலடியில ஃப்ளோருக்கு கீழ சேசிஸ்குள்ள போய் உக்காந்திருக்கு, கழட்ட அலுப்பா இருந்துச்சு, விட்டுட்டேன்.

இப்ப ரெண்டு பிரச்சனை. பத்து நிமிஷம் ஓட்டினா முன் வீல் ரெண்டும் கை வைக்க முடியாத சூடு, நியூட்ரல்ல தள்ளினா கூட நகர மாட்டேங்குது. ஆறினப்புறம் கொஞ்சம் பரவால்ல. ரெண்டாவது, பெடல் பஞ்சு மாதிரி இருக்கு, ரெண்டு தடவ அமுக்கினாதான் மேல வருது. ஏர் எடுத்து எடுத்து ஒரு லிட்டர் பிரேக் ஆயில் காலி. கேலிபரே டூப்ளிகேட்டா இருக்குமோ?

பதில்: கிரீஸ்கை

கேலிபர் மேல பழி போடாதீங்க சார், நீங்க கழட்ட அலுத்துக்கிட்டீங்களே, அங்கதான் விஷயமே இருக்கு.

ட்ரம் வண்டியோட மாஸ்டர் சிலிண்டர்ல உள்ளயே ஒரு குட்டி வால்வ் இருக்கும். காலை எடுத்தப்புறமும் லைன்ல சுமார் 10 பிஎஸ்ஐ பிரஷரை அது பிடிச்சு வச்சிருக்கும். ட்ரம்முக்குள்ள ஷூவை (ட்ரம்மை உள்ளிருந்து உரசி நிறுத்தற கட்டை) தள்ளற வீல் சிலிண்டர் ரப்பர் கப்போட உதடு விரிஞ்சே இருக்கணும், இல்லாட்டி காத்தை உள்ள இழுத்துடும், அதுக்காக வச்சது. ட்ரம்ல ஷூவை இழுக்க தடிமனா ஸ்பிரிங் இருக்கறதால இந்த 10 பிஎஸ்ஐ ஒரு பொருட்டே இல்ல. டிஸ்க்ல ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனை சுத்தி இருக்கற சதுர சீல் அமுக்கும்போது லேசா முறுக்கிக்கும், விட்டதும் நிமிந்து பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னால இழுக்கும், அவ்வளவுதான் அங்க ரிட்டர்ன். 10 பிஎஸ்ஐ நின்னா அது எப்படி திரும்பும், பேட் உரசிக்கிட்டேதான் ஓடும்.

வீல் ஜாம் ஆகி நிக்கும்போதே ஜாக்கி போட்டு கேலிபர்ல ஏர் எடுக்கற திருகு, அதான் ப்ளீட் நிப்பிள், அதை கால் சுத்து தளர்த்துங்க. ஆயில் பீச்சி அடிச்சு வீல் ஃப்ரீ ஆச்சுன்னா பிரஷர் மாட்டியிருக்கு, கேலிபர் நல்லா இருக்கு. ஃப்ரீ ஆகலன்னாதான் கேலிபர், ஸ்லைடு, பேட் பக்கம் போகணும். அடுத்த தடவ ஜாம் ஆகும்போது நிப்பிளை தொடாம பெடல் புஷ்ராடை (மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனை தள்ளற கம்பி) மட்டும் லூஸ் பண்ணுங்க. அதுலயே விட்டுச்சுன்னா பெடல்ல ஃப்ரீ ப்ளே இல்ல, பிஸ்டன் முழுசா பின்னால வராம ஆயில் திரும்பற ஓட்டையை மூடிக்கிட்டு நிக்குது. அப்பவும் விடலன்னா வால்வ்தான்.

பதில்: ட்ரம்மே போதும்

யாரும் அடிக்க வராதீங்க, ஆனா இந்த வண்டிக்கு டிஸ்க் எதுக்குன்னே எனக்கு புரியல. மைனர் முன் ட்ரம்ல ரெண்டு ஷூவும் லீடிங் ஷூ, ட்ரம் சுத்தற வேகமே ஷூவை இன்னும் உள்ள இழுத்து அழுத்தும், முன்னால போகும்போது நல்லாவே பிடிக்கும் (ரிவர்ஸ்ல சுமார்தான்). நிக்கலன்னு சொல்றவங்க வண்டிய பாத்தா பாதி பேர் அட்ஜஸ்டரை தொட்டே வருஷக்கணக்குல ஆயிருக்கும், மீதி பேருக்கு புது லைனிங் ட்ரம்மோட வளைவுக்கு ஒக்காராம நடுவுல மட்டும் தேஞ்சிருக்கும். பத்தலன்னா 1962ல வந்த 1098 சிசி வண்டியோட 8 இஞ்ச் ட்ரம்மை போட்டிருக்கலாம்.

சரி மாட்டியாச்சு, விடுங்க. ஆனா வீலை கழட்டி வச்சிருக்கும்போதே கீழ் ட்ரன்னியனை (முன் வீலை சஸ்பென்ஷனோட சேக்கற மரை போட்ட கீழ் மூட்டு) பாத்துடுங்க. அதுல இருக்கற மரை கிரீஸ் இல்லாம தேஞ்சா ஒருநாள் கழண்டு முன் வீல் அப்படியே மடங்கி படுத்துக்கும், அப்ப எந்த பிரேக்கும் உதவாது.

பதில்: ஸ்பானர்14

ஜாமுக்கு கிரீஸ்கை அண்ணன் சொன்னதுதான். பஞ்சு பெடலுக்கு நான் ஒண்ணு கேக்கறேன், கேலிபர்ல நிப்பிள் மேல பாத்து இருக்கா கீழ பாத்து இருக்கா? இடது வலது மாத்தி மாட்டினாலும் போல்ட் எல்லாம் அம்சமா ஒக்காந்துடும், நிப்பிள் மட்டும் அடியில போயிடும். காத்து மேலதான நிக்கும், நீங்க கீழ திறந்து விட்டா ஒரு லிட்டர் இல்ல ஒரு டின் ஊத்தினாலும் ஆயில் மட்டும்தான் வரும். நானே ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க இப்படி பெடலை மிதிச்சிருக்கேன்.

பதில்: பழசுப்பிரியன்

ஸ்பானர்14 ப்ரோ, உங்க பதிலை படிச்சிட்டு டார்ச் எடுத்துட்டு போய் குனிஞ்சு பாத்தேன். ரெண்டு நிப்பிளும் தரைய பாத்து சிரிக்குது. மாத்தி மாட்டி ஏர் எடுத்தேன், புஸ்ஸு புஸ்ஸுன்னு நுரையா வந்துச்சு, இப்ப பெடல் முதல் அமுக்கலேயே நிக்குது.

ஜாமும் செக் பண்ணேன். நிப்பிளை தளர்த்தின உடனே பீச்சுச்சு, வீல் சுத்துச்சு. மறுபடி ஓட்டி புஷ்ராடை லூஸ் பண்ணேன், ஒண்ணும் நடக்கல. ஆக வால்வ்தான். அதை எடுத்துட்டா பின் ட்ரம்முக்கு பிரஷர் வேணுமே, என்ன பண்றது? அப்படியே டாட் 5 பிரேக் ஆயில் ஊத்திடலாமா, பெயின்ட்டை அரிக்காதாமே?

பதில்: கிரீஸ்கை

உள்ள இருக்கற வால்வை எடுத்துட்டு, பின்னால போற லைன்ல மட்டும் தனியா 10 பிஎஸ்ஐ வால்வ் ஒண்ணு போடுங்க. உங்க மாஸ்டர் சிலிண்டர் ஃப்ளோருக்கு அடியில இருக்கறதால கேலிபரை விட தாழ்வா இருக்கான்னு அளந்து பாருங்க, இருந்தா ஆயில் பின்னால வடியும், முன் லைன்ல 2 பிஎஸ்ஐ வால்வ் வேணும். வால்வ் மேல இருக்கற அம்புக்குறி வீல் பக்கம் பாக்கணும். கழட்டினதுதான் கழட்டறீங்க, ரப்பரையும் மாத்திடுங்க, ஒத்த சர்க்யூட் வண்டி, ஒரு கப் போனா நாலு வீலும் போச்சு.

டாட் 5 வேண்டாம். அது சிலிகான், லைன்ல இருக்கற பழைய ஆயிலோட கலக்காது. டாட் 4 ஊத்தி ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாத்துங்க, ஈரத்தை இழுத்துச்சுன்னா அதோட கொதிநிலை 230 டிகிரியிலிருந்து 155 வரைக்கும் இறங்கிடும். பேட் தேய தேய ஆயில் கேலிபருக்குள்ள இறங்கிக்கிட்டே இருக்கும், உங்க பிரேக் ஆயில் டேங்க் சின்னது, கார்ப்பெட்டை தூக்கி அடிக்கடி பாருங்க.

பதில்: பழசுப்பிரியன்

சரிங்கண்ணே. வால்வுக்கு ஆர்டர் போட்டாச்சு, வர்ற வரைக்கும் வண்டிய எடுக்கல. ட்ரன்னியனையும் ஆட்டி பாத்தேன், வலது பக்கம் ஆடுது. அதுக்கு தனியா ஒரு கேள்வி போடறேன்.